முடிச்சுப் போட்ட எலும்பு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் எலும்பு பற்றி வந்த கேள்விகளை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் 31 வருடம் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு உடற்கூறியல் நடத்தியவள். இப்போது பள்ளத்தூரில், ஐயா கட்டிய வீட்டில் இருக்கிறேன். மருந்து எழுதித் தரும் டாக்டர் இல்லை. எலும்பைக் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொல்லிப் பாடம் நடத்தியவள். அதனால் எக்ஸ்ரே படங்களை எனக்கு அனுப்பாமல் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். எலும்பு எதனால் ஆனது, எப்படி வளர்கிறது, ஏன் உடைகிறது என்று எத்தனை முறை கேட்டாலும் சொல்கிறேன்.

என் மாமியார் வளவுப் (உள்முற்றத்துப்) படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. மாவுக்கட்டு போட்டிருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், தினமும் ஆட்டுக்கால் சூப் கொடு, எலும்போடு எலும்பு சேரும் என்கிறார்கள். உண்மையா ஆச்சி?
– வாசகி, தேவகோட்டை

தாராளமாகக் கொடுங்கள். மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப்போட்டு இரண்டு மணி நேரம் கொதித்த சூப் படுத்திருப்பவருக்குத் தெம்பாக இருக்கும், பசியையும் எடுக்கும். ஆனால் சட்டியில் கிடக்கும் எலும்பு போய் மாமியாரின் மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பி மற்றச் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள்.

நான் வேலை பார்த்த துறையின் அருங்காட்சியகத்தில் ஒரு ஜாடி இருந்தது. உள்ளே ஒரு மனிதரின் கீழ்க்கால் வெளியெலும்பு, ஏறக்குறைய ஒரு முழ நீளம், கயிற்றைப் போல முடிச்சுப் போட்டு மிதந்துகொண்டிருக்கும். முதல் நாள் வரும் பிள்ளைகளை நேராக அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன். எலும்பில் எப்படி முடிச்சுப் போட்டார்கள் என்று யாராவது கேட்கும்வரை வாய் திறக்கமாட்டேன். அமிலத்தில் ஊறவைத்தார்கள், அவ்வளவுதான். எலும்பில் இருந்த சுண்ணாம்புச் சத்தை அமிலம் முழுக்கக் கரைத்து எடுத்துவிட்டது. மிச்சம் நின்றது கொலாஜன் என்ற புரத நார். வடிவம் அப்படியே இருக்கும், ஆனால் ரப்பர் மாதிரி வளையும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைச் சதை இல்லாமல் சுரண்டிக் கழுவி, கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூழ்கும் அளவுக்கு வினிகர் ஊற்றுங்கள். மூடியை இறுக்கவேண்டாம், உள்ளே வாயு வரும். சிறிது நேரத்தில் எலும்பின் மேல் பொடிப்பொடிக் குமிழ்கள் கட்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றி, ஒரு வாரம் கழித்து எடுத்து வளைத்துப் பாருங்கள். அதே மாதிரி இன்னோர் எலும்பை அடுப்புத் தணலில் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை சுட்டு எடுங்கள். அதுவும் பார்வைக்கு முழு எலும்புதான். விரலால் அழுத்தினால் அப்பளம் போல நொறுங்கும். நெருப்பு புரதத்தை எரித்துவிட்டது, சுண்ணாம்புச் சத்து மட்டும் நின்றது.

எடையில் பார்த்தால் எலும்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தாது உப்பு. மீதியில் பெரும்பகுதி கொலாஜன், கொஞ்சம் தண்ணீர். தாது அழுத்தத்தைத் தாங்கும். நார் இழுப்பையும் வளைவையும் தாங்கும். நம் ஊர்ச் சுவர்களைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சுண்ணாம்பை மட்டும் பூசினால் உதிரும் என்றுதானே முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் சேர்த்து அரைத்துப் பூசினார்கள்? நூறு வருடம் கழித்தும் எங்கள் வீட்டுச் சுவர் பளிங்கு போல இருக்கிறது. சுவரில் இருப்பது கால்சியம் கார்பனேட், எலும்பில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட், அந்த வித்தியாசம் உண்டு. இன்னொன்று, எலும்பில் புரதத்தைக் கலந்து பூசியிருப்பதில்லை. நார் நாராகப் பின்னி, அந்த நாரின் இடுக்குகளில் தாதுப் படிகங்கள் அடைந்திருக்கும். கொத்தனார் கை அவ்வளவு நுணுக்கமாகப் போகாது.

சரி, சூப்புக்கு வருவோம். கால்சியம் பாஸ்பேட் வெறும் தண்ணீரில் கரையாது. கரையுமானால் இரண்டு மணி நேரம் கொதித்த எலும்பு கல் மாதிரி நிற்குமா? தண்ணீரில் இறங்குவது கொலாஜன்தான். சூப் ஆறியதும் பாகு போல உறைகிறதே, அது கொலாஜன் வெந்து ஜெலட்டின் ஆனது. வயிற்றுக்குள் போனதும் அதுவும் மற்றப் புரதம் போலவே அமினோ அமிலங்களாக உடைந்துபோகும். அது எலும்பிலிருந்து வந்ததா, முட்டையிலிருந்து வந்ததா என்ற கணக்கு உடம்புக்குக் கிடையாது. ஒரு கிண்ணம் சூப்பில் இருக்கும் கால்சியத்தைவிட ஒரு டம்ளர் பாலில் பல மடங்கு அதிகம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் சொல்கிறது, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1200. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது. 200 மி.லி. பாலில் சுமார் 240. எள்ளுருண்டை, முருங்கைக்கீரை, முள்ளோடு தின்னும் நெத்திலி எல்லாம் நல்லவை. பருப்பு, முட்டை கட்டாயம் வேண்டும். நாருக்குப் புரதம் வேண்டும் அல்லவா? அப்புறம் வெயில். தின்ற கால்சியம் குடலிலிருந்து உடம்புக்குள் ஏற வைட்டமின் டி வேண்டும். அதைத் தோல் செய்வது வெயில் ஏறிய பிறகு, உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக விழும் நேரத்தில். வளவில் வற்றல் காயவைக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கலர்க் கண்ணாடிச் சன்னலுக்குள் உட்கார்ந்திருந்தால் வெளிச்சம் வரும், வைட்டமின் வராது.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். நின்ற உயரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கிறது. அந்த வயதுப் பெண்ணுக்கு இது முதல் எச்சரிக்கை. அடுத்தது இடுப்பாக இருக்கலாம். கட்டுப் பிரிக்கப் போகும்போது, எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள். அவர் மறந்திருந்தாலும் நீங்கள் மறக்காதீர்கள்.

பிறக்கும்போது கிட்டத்தட்ட 300 எலும்பு, பெரியவர்களுக்கு 206 என்று படித்தோம். மீதி எங்கே போனது?
– பள்ளி மாணவி, கானாடுகாத்தான்

எங்கும் போகவில்லை, ஒன்றோடொன்று கூடிவிட்டன. இடுப்புக்குப் பின்னால் இருக்கும் திரிகம் ஐந்து முள்ளெலும்பு சேர்ந்து ஒன்றானது. இடுப்பெலும்பு ஒவ்வொன்றும் மூன்று துண்டு சேர்ந்தது. பச்சைப் பிள்ளையின் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்த்திருக்கிறாயா? மண்டையோட்டு எலும்புகள் இன்னும் சேராமல் விட்ட இடைவெளி அது. பெரும்பாலும் ஒன்றரை வயதுக்குள் மூடிவிடும்.

கருவில் கை கால் எலும்புகள் முதலில் குருத்தெலும்பாகத்தான் உருவாகின்றன, உன் காது மடலில் இருப்பதுபோல மெத்தென்று. பிறகு உள்ளே ரத்தக்குழாய் நுழைந்து, கொஞ்சம் கொஞ்சமாக எலும்பாக மாறும். பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் மணிக்கட்டில் எலும்பே தெரியாது, வெறும் இடைவெளி. எட்டு எலும்பும் படத்தில் தெரிய ஏறக்குறைய பன்னிரண்டு வயதாகும். வளவில் தவழ்கிற உன் தம்பியின் முழங்கால் சில்லும் இன்னும் குருத்தெலும்புதான். நீ வளர்வதும் குருத்தெலும்பால்தான். நீள எலும்புகளின் இரண்டு முனையிலும் ஒரு மெல்லிய குருத்தெலும்புத் தட்டு இருக்கிறது, அது இருக்கும்வரை உயரம் கூடும்.

ஒரு சின்னக் கணக்கு: இரண்டு கையிலும் இரண்டு பாதத்திலும் உள்ள எலும்புகளை மட்டும் எண்ணினால் 106. பாதிக்கு மேல் அங்கேயே இருக்கிறது.

என் மனைவிக்கு முழங்கால் வலி. எலும்புத் தேய்மானம் என்றார்கள். இரண்டு வருடமாகக் கால்சியம் மாத்திரை விடாமல் சாப்பிடுகிறாள். வலி குறையவில்லையே, ஏன்?
– வாசகர், கல்லல்

இந்தக் கேள்விக்காகவே இந்த மாதம் எழுத உட்கார்ந்தேன். “எலும்புத் தேய்மானம்” என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேறு வியாதிகளுக்குச் சொல்கிறோம். அதனால் எத்தனையோ பேர் தவறான மாத்திரையை நம்பி வருடங்களைப் போக்குகிறார்கள். உங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலாவது, எலும்புப்புரை. எலும்புக்குள் இருக்கும் சரக்கு குறைந்து சல்லடையாகிப் போவது. இதில் வலியே இருக்காது. ஒருநாள் தடுக்கி விழுந்து முறியும்போதுதான் தெரியும். இதற்குக் கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும், சிலருக்குத் தனி மருந்தும் வேண்டும்.

இரண்டாவது, மூட்டுத் தேய்மானம். இதில் கெடுவது எலும்பின் முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு. “ஜவ்வு தேய்ந்துவிட்டது” என்கிறார்களே, அது. குருத்தெலும்பின் பலம் கால்சியத்தில் இல்லை. அதில் பாதிக்கு மேல் தண்ணீர். மீதி கொலாஜனும், தண்ணீரைப் பிடித்து வைக்கும் சர்க்கரைப் புரதங்களும். கால்சியம் மாத்திரை அங்கே போய் எதைச் செய்யும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் ஆட்டுத் தொடையின் மூட்டை வெட்டாமல் பிரித்துத் தரச் சொல்லுங்கள். முனையில் நீலம் பாரித்த வெள்ளையாக, ஈரமாக, முத்துச் சிப்பியின் உட்புறம் போல மினுமினுக்கும் பாருங்கள், அதுதான் குருத்தெலும்பு. விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட இதில் உராய்வு குறைவு. மனித முழங்காலில் இதன் கனம் சில மில்லிமீட்டர்தான். அப்புறம் அந்த எலும்பின் தலையைக் கத்தியால் குறுக்கே பிளக்கச் சொல்லுங்கள். உள்ளே தேன்கூடு மாதிரி மெல்லிய தகடுகள், இடுக்கெல்லாம் சிவந்த மஜ்ஜை. அந்தத் தகடுகள் ஏனோதானோ என்று நிற்கவில்லை, பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ அந்த வழியாக வளைந்து நிற்கின்றன. 1860களில் ஜூரிச்சில் கார்ல் குல்மன் என்ற பொறியியல் பேராசிரியர், உடற்கூறியல் பேராசிரியர் ஹெர்மன் வான் மேயர் வரைந்திருந்த தொடை எலும்பின் உட்கோடுகளைப் பார்த்துவிட்டு, பாரந்தூக்கி ஒன்றுக்குத் தான் போடும் விசைக் கோடுகளும் இப்படித்தான் வருகின்றன என்று கண்டுகொண்டார். நான் முப்பது வருடம் வகுப்பில் சொன்ன கதை இது. சொல்லும்போதெல்லாம் எனக்கே புல்லரிக்கும்.

எலும்புக்கும் குருத்தெலும்புக்கும் உள்ள பெரிய வேற்றுமை ரத்தம். எலும்பில் ரத்தம் நிறைய ஓடுகிறது. அரிக்கும் செல்கள் பழைய எலும்பைக் கரைத்துக் குழி பறிக்கும். பின்னாலேயே கட்டும் செல்கள் வந்து புதிதாக நிரப்பும். குழி பறிக்க இரண்டு மூன்று வாரம், நிரப்ப மூன்று நான்கு மாதம். இப்படி வருடத்துக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு எலும்பு புதிதாகிறது. மாதவிடாய் நின்றபின் அரிப்பவர்கள் கை ஓங்கிவிடும், கட்டுபவர்களால் ஈடுகொடுக்க முடியாது. அதுதான் எலும்புப்புரை.

எலும்பு இப்படிப் புதிதாகிக்கொண்டே இருப்பது தெரிய வந்ததே ஒரு விருந்துச் சாப்பாட்டில்தான். லண்டனில் ஜான் பெல்ச்சியர் என்ற அறுவை மருத்துவர், துணிக்குச் சாயம் அச்சடிக்கும் ஒருவர் வீட்டில் சாப்பிடப் போனார். தட்டில் வந்த பன்றிக்கறியில் எலும்பு சிவப்பாக இருந்தது. சாயத் தொட்டியில் மஞ்சிட்டி வேரோடு ஊறிய தவிட்டை அந்தப் பன்றிகளுக்குப் போட்டு வளர்த்திருந்தார்கள். 1736இல் இதை எழுதி வெளியிட்டார். பிறகு பிரான்சில் துயமேல் என்பவர், மஞ்சிட்டித் தீனியைச் சில நாள் போட்டு, சில நாள் நிறுத்திப் பார்த்தார். எலும்பில் சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக வந்தது. நம் பக்கத்தில் துணிக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் அதே சாயப்பொருள்தான் இருக்கிறது. பழைய கண்டாங்கியின் அரக்குச் சிவப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பன்றி எலும்பு நினைவுக்கு வரும்.

குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது, நரம்பும் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழுவழுப்பான நீரிலிருந்துதான் அதற்குச் சாப்பாடு. கால் ஊன்றும்போது பிழிந்து, எடுக்கும்போது உறிஞ்சிக்கொள்ளும். ரத்தம் இல்லாததால் ஒருமுறை கிழிந்தால், தேய்ந்தால், பழையபடி ஆவது மிகக் கடினம். நரம்பு இல்லாததால் ஆரம்பத்தில் வலியும் தெரியாது. வலி வரும்போது அடியில் உள்ள எலும்பும் மூட்டின் உறையும் ஏற்கெனவே கஷ்டப்பட ஆரம்பித்திருக்கும்.

உங்கள் மனைவிக்கு என்ன செய்யலாம்? எடை கூடுதலாக இருந்தால் குறைப்பது, தொடைச் சதையைப் பலப்படுத்தும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் முறையாகக் கற்றுக்கொண்டு தினம் செய்வது, இவை இரண்டும் நிச்சயம் உதவும். தரையில் சம்மணம் போட்டு வெகுநேரம் உட்காராமல் முக்காலி போட்டுக்கொள்ளட்டும். மூட்டுக்கு என்று விற்கும் குளுக்கோசமைன் மாத்திரை பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய ஆய்வுகளில் அதற்கும் வெற்று மாத்திரைக்கும் அதிக வித்தியாசம் தெரியவில்லை. கால்சியத்தை மட்டும் நீங்களாக நிறுத்தவேண்டாம். அது எலும்புக்கு என்று கொடுத்ததா, மூட்டுக்கு என்று கொடுத்ததா என்று டாக்டரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன். வயது 52. நடந்து நடந்தே மூட்டுத் தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள்.
– வாசகர், குன்றக்குடி

நடப்பதால் நல்ல மூட்டுத் தேயாது தம்பி. மேலே சொன்னேன் பாருங்கள், பிழிந்து உறிஞ்சும் சாப்பாடு என்று; நடக்கிற காலுக்குத்தான் அது கிடைக்கும். எலும்புக்கும் அப்படியே. பாரம் விழுகிற எலும்பு உறுதியாகும், பாரம் இல்லாத எலும்பு கரையும். விண்வெளிக்குப் போகிறவர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி இழக்கிறது. அங்கே உடம்புக்கு எடை இல்லை, அதனால்தான்.

கெடுதல் எங்கே வருகிறது என்றால், பதினோரு மாதம் கடையில் உட்கார்ந்திருந்துவிட்டுத் தை மாதம் திடீரென்று கிளம்புவதில். கார்த்திகையிலேயே தினமும் நடக்க ஆரம்பியுங்கள், வாரா வாரம் தூரத்தைக் கூட்டுங்கள். முழங்கால் வீங்கினால், அல்லது நடுவில் பூட்டிக்கொண்டு மடக்க நீட்ட முடியாமல் போனால், முருகன் கோபிக்கமாட்டான், வண்டியில் ஏறிக்கொள்ளுங்கள்.

நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வருமா?
– வாசகி, செக்காலை, காரைக்குடி

வராது. மூட்டை இழுக்கும்போது உள்ளே இருக்கும் நீரில் அழுத்தம் குறைந்து ஒரு வாயுக்குமிழ் உருவாகிறது, சத்தம் அதோடு வருவது. டொனால்ட் அங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் அறுபது வருடம் இடக்கை விரல்களை மட்டும் நெட்டி முறித்து, வலக்கையை விட்டுவைத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எந்தக் கையிலும் மூட்டுவாதம் இல்லை. சத்தத்தோடு வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் காட்டுங்கள்.

முறிவுக்கு நாட்டுக் கட்டு நல்லதா, மாவுக்கட்டு நல்லதா? எங்கள் ஊரில் இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள்.
– வாசகர், புதுவயல்

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் சிரமம். ஏனென்று சொல்கிறேன்.

எலும்பைச் சேர்ப்பது எந்தக் கட்டும் இல்லை, உடம்புதான். முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் உறையும். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அங்கே குருத்தெலும்பு மாதிரி ஒரு மெத்தை வைக்கும், கருவில் செய்த வேலையை மறுபடி செய்வதுபோல. பிறகு அது எலும்பாக இறுகும். மாதக்கணக்கில் செதுக்கிச் சரிசெய்து, கடைசியில் பழைய எலும்பாகவே ஆக்கிவிடும். தோலில் காயம் ஆறினால் தழும்பு நிற்கிறது. எலும்பு தழும்பில்லாமல் ஆறும். கட்டின் வேலை இரண்டு முனையையும் நேராக வைத்து அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டும். மாவுக்கட்டு என்கிறோமே, அதுவும் மாவு இல்லை, ஜிப்சத்தைச் சுட்டுப் பொடித்தது. 1851இல் டச்சு ராணுவ மருத்துவர் மதெய்சன் அதைத் துணியில் ஏற்றிக் கட்டினார். அதற்கு முன்னால் பல நாடுகளில் முட்டை வெள்ளைக்கருவும் துணியும் பத்தையும் வைத்துக் கட்டினார்கள். நம் நாட்டு வைத்தியர்கள் செய்வதும் அந்த முறைதான், அதை நான் இழிவாகச் சொல்லமாட்டேன்.

ஆனால் என் தம்பிக்கு ஏழு வயதில் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். ஊருணிக் கரை நாவல் மரத்திலிருந்து விழுந்து முழங்கைக்குச் சற்று மேலே முறிந்துவிட்டது. கட்டுப் போடும் ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார். இரவெல்லாம் தம்பி அழுதான். “கட்டு அப்படித்தான் வலிக்கும், பிள்ளை பொறுத்துக்கணும்” என்று பெரியவர்கள் சமாதானம் சொன்னார்கள். எனக்குப் பத்து வயது. அவன் விரல்கள் ஐஸ் மாதிரிச் சில்லிட்டு, சாம்பல் நிறமாக இருந்ததை நான் தொட்டுப் பார்த்தேன். யாரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு சேர்ந்தது, ஆனால் முன்கைச் சதை ரத்தமில்லாமல் செத்துச் சுருங்கிப் போயிருந்தது. இன்றும் அவன் வலக்கை விரல்கள் மடங்கியே இருக்கின்றன. இடக்கையால்தான் கையெழுத்துப் போடுகிறான்.

இதே விபத்து மாவுக்கட்டிலும் நடக்கும். முறிந்த இடம் வீங்கும். கட்டு வீங்க இடம் கொடுக்காவிட்டால் உள்ளே ரத்த ஓட்டம் நின்றுவிடும். சதை சில மணி நேரம்தான் தாங்கும். ஆகவே யார் கட்டினாலும் சரி, முதல் இரண்டு நாள் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சில்லிடுகிறதா, வெளுக்கிறதா, நீலம் பாய்கிறதா, மரத்துப்போகிறதா, விரலை மெல்ல நீட்டிவிட்டால் பிள்ளை அலறுகிறதா? விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டைத் தளர்த்தச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு முழங்கை அருகே முறிந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வந்தாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் கை வைக்கவிடாதீர்கள்.

நம் சிவகங்கை மாவட்டத்துக் கொந்தகையில் முதுமக்கள் தாழிகளில் எலும்புக்கூடுகள் எடுத்தார்களே, ஆணா பெண்ணா, என்ன வயது என்று எலும்பை வைத்து எப்படிச் சொல்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், காரைக்குடி

முதலில் இடுப்பெலும்பைத் தேடுவார்கள். பிள்ளை பெறுவதற்கு ஏற்பப் பெண்ணின் இடுப்பு அகன்றிருக்கும். பின்பக்கம் ஒரு வளைவு உண்டு. கட்டைவிரலை அதில் வைத்து ஆட்டினால் பெண்ணுக்குத் தாராளமாக ஆடும், ஆணுக்கு ஒடுங்கிப் பிடிக்கும். வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு இதைச் செய்யச் சொல்வேன். மண்டையோட்டில் புருவ மேடு, காதுக்குப் பின்னால் உள்ள முண்டு இவற்றைப் பார்ப்பார்கள். பருவம் அடையாத பிள்ளையின் எலும்பை மட்டும் வைத்து ஆண், பெண் சொல்வது நம்பத்தக்கதாக இராது.

வயதுக்கு, எலும்பு முனைகள் கூடிவிட்டனவா என்று பார்ப்பார்கள். தோளுக்கும் நெஞ்சுக்கும் நடுவே உள்ள காறை எலும்பின் நெஞ்சுப் பக்க முனை கடைசியாக, இருபதுகளின் பிற்பகுதியில்தான் முழுதாகச் சேரும். உயரத்துக்குத் தொடை எலும்பு. அது ஆளின் உயரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. மரபணு வேண்டுமென்றால் பல்லையோ, உள்காதைச் சுற்றியுள்ள எலும்பையோ நாடுவார்கள். உடம்பிலேயே மிக அடர்த்தியான எலும்புகளில் அது ஒன்று, நம் ஊர் வெப்பத்திலும் உள்ளே கொஞ்சம் மிஞ்ச வாய்ப்பு உண்டு.

எந்த எலும்பைக் கையில் எடுத்தாலும் அது ஒருவருடையது என்பதை மறக்காதீர்கள் தம்பி. நான் படித்த காலத்தில் எலும்புப் பெட்டியைச் சீனியர்களிடம் வாங்குவோம். அப்போது நம் நாட்டிலிருந்து எலும்புக்கூடுகள் வெளிநாட்டுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. 1985இல்தான் அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. எனக்கு வந்த மண்டையோட்டில் இடது கன்ன எலும்பில் முறிந்து ஆறிய ஒரு மேடு இருந்தது. யாரோ அடித்திருக்கலாம், விழுந்திருக்கலாம். அதற்குப் பிறகும் அவர் பல காலம் வாழ்ந்திருக்கிறார். விடுமுறைக்கு அந்தப் பெட்டியோடு ஊருக்கு வந்தபோது, வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று ஆயா முகப்புத் திண்ணையிலேயே வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் பார்த்தால் பெட்டியின் மேல் மூன்று கோடு திருநீறு.

ஆயா, எங்கள் அப்பத்தா முன்னெல்லாம் அம்மாவைவிட உயரமாம். இப்போது என் தோளுக்குத்தான் வருகிறார். ஏன் குட்டையாகிறார்?
– ஆறாம் வகுப்பு மாணவன், ஆத்தங்குடி

நல்ல கண்ணு உனக்கு. முதுகெலும்பு என்பது ஒரே கம்பு இல்லை, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புகள். நடுநடுவே 23 வட்டுகள், மெத்தை மாதிரி. அந்த வட்டும் ஒருவகைக் குருத்தெலும்புதான், உள்ளே தண்ணீர் நிறைய. வயதாக ஆகத் தண்ணீர் குறைந்து வட்டு சப்பையாகும். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் குறைந்தால் மொத்தத்தில் தெரியும்தானே? இது எல்லாருக்கும் வருவது. உனக்கே ஒரே நாளில் நடக்கிறது. காலையில் எழுந்ததும் உன்னை அளந்து பார், ராத்திரி படுக்கப் போகுமுன் அளந்து பார். ஒரு செ.மீ. போல வித்தியாசம் வரும். தூங்கும்போது வட்டு மறுபடி தண்ணீர் குடித்துக்கொள்ளும்.

ஆனால் நிறையக் குறைந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். எலும்பு பலவீனமாகி, முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி ஆகிவிடும். முதுகு கூன் விழும். விழாமலேயே, குனிந்து குடத்தைத் தூக்கும்போதுகூட இது நடக்கும். பல பேர் முதுகுப் பிடிப்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டு விட்டுவிடுவார்கள்.

நீ ஒன்று செய். முகப்பில் மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோவில் அப்பத்தா ஐயாவின் காது வரைக்கும் இருக்கிறாரா, தோள் வரைக்குமா என்று பார். பிறகு ஒரு காலை வேளையில், செருப்பில்லாமல், குதிகால் சுவரில் ஒட்டும்படி அவரை நிற்கவைத்து, தலைக்கு மேல் ஒரு புத்தகத்தைப் படுக்கை வசமாக வைத்துப் பென்சிலால் கோடு போடு. தேதி எழுதிக்கொள். இளவயது உயரம் அவருக்கு நினைவிருந்து, அதைவிட 4 செ.மீ.க்கு மேல் குறைந்திருந்தாலோ, அடுத்த பொங்கலுக்குள் கோடு 2 செ.மீ. இறங்கினாலோ அப்பாவிடம் சொல். டாக்டர் முதுகை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். பக்கத்திலேயே உனக்கும் ஒரு கோடு போட்டுக்கொள்.